வார்டு சபை, ஒர்க்கிங் குரூப், வீடு: சித்தூர்ப் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

கேரளாவின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள சித்தூர்–தத்தமங்கலம் நகரசபை வார்டுகளிலிருந்தும், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி பஞ்சாயத்துகளிலிருந்தும், பாலக்காடு டவுனிலிருந்தும் வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கியிருக்கிறேன்.

தத்தமங்கலம், வாடகை வீட்டிலிருக்கும் ஒரு அக்கா: போன வார்டு சபையில எனக்கு வீடு குடுக்கணும்னு எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. ஆனா லைஃப் பட்டியல்ல பேரே இல்லைன்னு நகரசபையில சொல்றாங்க. சபை சொன்னா அவங்க கேட்டுத்தானே ஆகணும்?

இல்லைங்க அக்கா. லைஃப் என்பது வீடில்லாதவர்களுக்கான கேரள அரசின் வீட்டுத் திட்டம். அதன் பட்டியல் சபையில் பிறப்பதில்லை. விண்ணப்பம், நேரடி ஆய்வு, இரண்டு கட்ட மேல்முறையீடு எல்லாம் முடிந்த பிறகுதான் அது சபைக்கு, அதாவது வார்டு வாக்காளர்கள் கூடும் கூட்டத்துக்கு, வருகிறது. தகுதி இல்லாத பெயரைச் சபை நீக்கலாம், புதுப் பெயரைச் சேர்க்க முடியாது. ஆகவே விண்ணப்பம் திறக்கும் நாளில் உங்கள் காகிதம் சரியாக இருப்பதுதான் முக்கியம்.

2020 விண்ணப்பத்தில் பார்த்தவை இவை: குடும்பத்தின் ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். யாருக்கும் அரசு வேலையோ அரசுப் பென்ஷனோ இருக்கக் கூடாது. நிலம் நகரசபையில் 5 சென்ட்டுக்கும், பஞ்சாயத்தில் 25 சென்ட்டுக்கும் மேல் இருக்கக் கூடாது. பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பங்களுக்குச் சில தளர்வுகள் உண்டு. இந்தப் பக்கத்தில் பலரை வெளியே தள்ளியது வருமானம் அல்ல, ரேஷன் கார்டு. ஒரு கார்டு என்றால் ஒரு குடும்பம் என்றுதான் கணக்கு. கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போன பிறகும் மாமியார் கார்டிலேயே பெயர் இருந்தால், மாமியாருக்கு ஓட்டு வீடு இருக்கிறது என்று உங்களுக்கு 'இல்லை' ஆகிவிடும். அடுத்த விண்ணப்பம் வரும்வரை காத்திருக்காமல் இப்போதே கார்டைப் பிரித்துவிடுங்கள்.

பாலக்காடு டவுன், ஒரு தம்பி: எங்க ஊர்ல வார்டு சபைன்னு யாரும் கூப்பிடறதே இல்லையே அண்ணா?

கேரள நகராட்சிச் சட்டம் 1994-ன்படி, ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரத்தில் வார்டு கமிட்டி. அதற்குள் இருந்தால் வார்டு சபை. பாலக்காடு ஒரு லட்சத்தைத் தாண்டிய ஊர். சபையில் வார்டின் எல்லா வாக்காளரும் உறுப்பினர். கமிட்டியில் குடியிருப்போர் சங்கம், அயல்கூட்டம் (பக்கத்து வீட்டுப் பெண்கள் குழு), தொழிற்சங்கம் போன்றவற்றின் பிரதிநிதிகள்தான். நீங்கள் உங்கள் சங்கத்தின் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும்.

சித்தூர், குடியிருப்போர் சங்கச் செயலாளர்: எங்கள் தெருவுக்கு வடிகாலும் நான்கு வீட்டுக்குப் பழுதுபார்ப்பும் மூன்று வருடமாகக் கேட்கிறோம் சார். சபையும் ஆலோசனைதான், ஒர்க்கிங் குரூப்பும் ஆலோசனைதான் என்றால் எதற்காக உட்கார்ந்து பேச வேண்டும்?

உங்கள் ஆதங்கம் நியாயமானது. ஆனால் 1996-ல், உள்ளாட்சித் திட்டங்களை மக்களோடு சேர்ந்து வகுக்கும் 'மக்கள் திட்டம்' தொடங்கியதிலிருந்து இங்கே பணம் போகும் பாதை ஒன்றுதான்: ஒர்க்கிங் குரூப் (துறைவாரியாகத் திட்டம் எழுதும் குழு) வரைவு, வார்டு சபை, வளர்ச்சிக் கருத்தரங்கு, கவுன்சில், கடைசியாக மாவட்டத் திட்டக் குழுவின் ஒப்புதல். வரைவில் இல்லாத வேலை கவுன்சிலில் திடீரென்று முளைப்பது அபூர்வம். ஆகவே சபைக்கு முன்னாடியே, ஒர்க்கிங் குரூப் கூடும்போது போங்கள். அதன் தலைவர் ஒரு கவுன்சிலர், கன்வீனர் ஒரு அதிகாரி, துணைத் தலைவர் விஷயம் தெரிந்த வெளியாள். இந்தத் துணைத் தலைவரைத்தான் நம் ஆட்கள் பார்ப்பதே இல்லை. வரைவை உட்கார்ந்து எழுதுவதில் அவர் பங்கு பெரியது.

அடுத்தது மினிட்ஸ். "தெருவுக்கு வடிகால் வேண்டும் எனக் கோரப்பட்டது" என்று எழுதினால் அது ஒரு ஆசை மட்டும். இப்படி எழுதச் சொல்லுங்கள்: "பள்ளிக்கூட முனையிலிருந்து ஓடைப் பாலம் வரை 140 மீட்டர், 45 சென்ட்டிமீட்டர் அகலத்தில் மூடிய வடிகால், சாலை நகரசபை ஆஸ்தி ரெஜிஸ்டரில் உள்ளது, மழைத் தண்ணீர் 11 வீட்டுக்குள் வருகிறது, இந்த வார்டின் முதல் முன்னுரிமை." நீளம், இடம், பதிவு (சாலை நகரசபையின் சொத்துப் பதிவேடான ஆஸ்தி ரெஜிஸ்டரில் இருப்பது), பாதிப்பு, வரிசை எண் ஆகிய ஐந்தும் இருந்தால் இன்ஜினீயர் எஸ்டிமேட் போடலாம். ஒன்று குறைந்தாலும் ஃபைல் திரும்பும். திரும்பினால் நிதியாண்டு மார்ச்சில் முடிந்துவிடும். கூட்டம் கலைவதற்கு முன் மினிட்ஸை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கி அப்புறம் எழுதுவதற்கு ஒருபோதும் இடம் கொடுக்காதீர்கள்.

நாட்டுக்கல் பக்கம், ஒரு அண்ணன்: அஞ்சு சென்ட் இருக்குதுங்க. கரம் கட்டின ரசீதுல 'நிலம்'னுதான் போட்டிருக்கு. நிலந்தானே, அதுல வீடு கட்ட என்ன தடை?

இந்த ஒரு சொல்லில் நம் தமிழ் ஆட்கள் நிறையப் பேர் ஏமாந்து போகிறார்கள். கேரள வில்லேஜ் ஆபீஸ் ரெக்கார்டில் 'நிலம்' என்றால் நெல்வயல். வீடு கட்டும் மேட்டு மனைக்கு அவர்கள் எழுதுவது 'புரயிடம்'. உங்கள் வரி ரசீது சொல்வது, "இது வயல்" என்று.

அடுத்து பார்க்க வேண்டியது, அந்த சர்வே எண் 2008 நெல்வயல், நீர்நிலைப் பாதுகாப்புச் சட்டத்தின் டேட்டா பேங்கில், அதாவது பாதுகாக்கப்பட்ட வயல்களின் பட்டியலில், இருக்கிறதா என்பது. கிருஷி பவனில் (வேளாண் அலுவலகம்) பார்க்கலாம்.

டேட்டா பேங்கில் இல்லை, ரெக்கார்டில் மட்டும் 'நிலம்' என்றால் கவலை குறைவு. 4.04 ஆர், அதாவது 10 சென்ட்டுக்குள், 120 சதுர மீட்டர் வரை சொந்த வீடு கட்ட நிலமாற்ற அனுமதி தேவையில்லை என்ற விலக்கு உண்டு. ரெக்கார்டையே மாற்ற வேண்டுமென்றால் ஃபாரம் 6-ல் விண்ணப்பம். 2017 டிசம்பர் 30-ல் 25 சென்ட்டுக்குள் தனியாக இருந்த மனைக்கு அதற்குக் கட்டணம் இல்லை. அதற்குப் பிறகு பெரிய வயலைத் துண்டு போட்டு விற்றதில் வாங்கியிருந்தால் அந்தச் சலுகை கிடைக்காது. வாங்கும்போதே முன்பத்திரத்தைப் பாருங்கள்.

டேட்டா பேங்கில் இருக்கிறது, ஆனால் 2008-க்கு முன்பே மண் போட்டு மேடாக்கியது என்றால், பட்டியலிலிருந்து நீக்கக் கேட்கும் ஃபாரம் 5. கிருஷி ஆபீசர் வந்து பார்ப்பார். தேவைப்பட்டால் அந்தக் காலத்துச் செயற்கைக்கோள் படத்தின் ரிப்போர்ட்டும் கேட்பார்கள். பழைய தென்னையோ கிணறோ இருந்தால் அதை வெட்டாமல், மூடாமல் வையுங்கள். அதுதான் உங்கள் சாட்சி.

உண்மையிலேயே வயல் என்றால் ஒரே வழிதான். வேறு மனை இல்லாத குடும்பத்துக்கு, சொந்த வீட்டுக்காக, பஞ்சாயத்தில் 10 சென்ட், நகரசபையில் 5 சென்ட் வரை. அதைச் சிபாரிசு செய்வது உள்ளூர்க் கண்காணிப்புக் குழு: உள்ளாட்சித் தலைவர், கிருஷி ஆபீசர், வில்லேஜ் ஆபீசர், மூன்று விவசாயிகள். பக்கத்து வயலுக்குத் தண்ணீர் போகும் வழி அடைபடுமா என்பதுதான் அவர்களின் முதல் கேள்வி. அது நியாயமான கேள்வியும்கூட. ஸ்கெட்சில் வாய்க்காலை மறைக்காமல் காட்டி, அதற்கு வழிவிட்டு வீட்டைத் தள்ளி வரையுங்கள்.

வடகரப்பதி, கட்டிக்கொண்டிருக்கும் ஒருவர்: லைஃபில் 4 லட்சம் கிடைத்தது. அஸ்திவாரத்திலேயே பெரும்பகுதி போய்விட்டது. எங்கே தவறு?

இரண்டு இடத்தில். முதலாவது அளவு. 400 சதுர அடிக்கு 4 லட்சம் என்றாலே சதுர அடிக்கு 1000 ரூபாய்தான் வருகிறது. நீங்கள் அஸ்திவாரத்தை 600 அடிக்குப் போட்டிருந்தால் அது 670-க்குள் இறங்கிவிடும். "பின்னால் ஒரு ரூம் எடுக்கலாம்" என்று இப்போதே சுவர்க்கால் போடாதீர்கள். கூரை ஏறிய பிறகு பக்கத்தில் ஒட்டலாம்.

இரண்டாவது மண். கேரளாவில் கரிசல் இருப்பது நம் சித்தூர் தாலுகாவில்தான். மற்ற மாவட்டத்து மேஸ்திரிக்கு அது பழக்கமில்லை. மழையில் வீங்கும், வெயிலில் வெடிக்கும். ஆழமில்லாத கல் அஸ்திவாரத்தைத் தூக்கிப் பிளந்துவிடும். கோடையில் குழி வெட்டி, வெடிப்பு எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பாருங்கள். அஸ்திவாரம் அதற்கும் கீழே உட்கார வேண்டும். தோண்டிய கரிசலையே திரும்பக் கொட்டக் கூடாது. கிராவலோ மணலோ போட்டுத் தண்ணீர் விட்டு இடியுங்கள். அஸ்திவாரத்தின் மேல் கம்பி கட்டிய பெல்ட் கட்டாயம். வீட்டைச் சுற்றித் தண்ணீர் தேங்காமல் சரிவாகத் தளம் போடுங்கள்.

தவணை பொதுவாக ஒப்பந்தம் போடும்போது 10 சதவீதம், தரைமட்டம் வந்ததும் 40, மேல் கட்டத்தில் 40, முடிந்ததும் 10 என்று வரும். முதல் 40,000-ல் அஸ்திவாரம் முடியாது. கரிசல் வார்டுகளில் இதையே ஒரு தீர்மானமாக ஒர்க்கிங் குரூப்பில் வையுங்கள்: பஞ்சாயத்தின் அல்லது நகரசபையின் சொந்த நிதியிலிருந்து அஸ்திவாரத்துக்குத் தனி உதவி. கூலிக்கு, நகரத்தில் அய்யன்காளி நகர வேலை உறுதித் திட்டத்திலும், பஞ்சாயத்தில் ஊரக வேலை உறுதித் திட்டத்திலும் 90 நாள் சம்பளம் கிடைக்கும், அதை விட்டுவிடாதீர்கள்.

தத்தமங்கலம், ஒரு பெரியவர்: எங்கள் பாதைக்கு கான்கிரீட் போட மறுக்கிறார்கள்.

அநேகமாக அது ஆஸ்தி ரெஜிஸ்டரில் ஏறியிருக்காதுங்க ஐயா. தனியார் பாதைக்கு நகரசபைப் பணம் செலவு செய்ய முடியாது. இரு பக்க உடமைக்காரர்களும் இடத்தை விட்டுக்கொடுத்து எழுதித் தர வேண்டும். கவுன்சில் ஏற்று ரெஜிஸ்டரில் சேர்க்கும். ஒருவர் கையெழுத்துப் போடாவிட்டாலும் நிற்கும். பெரும்பாலும் வீட்டுத் திண்ணை இடிபடும் என்ற பயம்தான் காரணம். இன்ஜினீயரைக் கூட்டிவந்து சுண்ணாம்பு கோடு போட்டுக் காட்டினால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

கொழிஞ்சாம்பாறை, அயல்கூட்டத் தலைவி: நிலமே இல்லாத ஆறு குடும்பம் எங்க கூட்டத்துல இருக்கு. கிராம சபையில என்ன கேக்கறது?

வீடு கேட்காதீர்கள், இடம் கேளுங்கள். வார்டில் சும்மா கிடக்கும் அரசு இடங்களை சர்வே எண்ணோடு பட்டியல் போட ஒர்க்கிங் குரூப்பிடம் சொல்லுங்கள். வாய்க்கால், குளப் புறம்போக்கை அதில் சேர்த்தால் பட்டியலே செல்லாமல் போகும். 'மனசோடித்திரி மண்ணு' திட்டத்தில் தனியார் நன்கொடை நிலமும் வாங்கலாம். வார்டு வாக்காளரில் பத்தில் ஒரு பங்கு வராவிட்டால் கிராம சபைக்குக் கோரம் (கூட்டம் செல்லுபடியாகத் தேவையான வருகை) இல்லை. அன்றைக்கு வேலைக்குப் போகிறவர்களிடம் முந்தின வாரமே சொல்லி வையுங்கள்.

வண்ணாமடை, ஒரு தங்கை: மனுவைத் தமிழ்ல எழுதினா வாங்குவாங்களா?

வாங்க வேண்டும். 1969 கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ் சிறுபான்மைப் பகுதிகளிலுள்ள அரசு அலுவலகங்களோடு தமிழில் எழுதவும், தமிழிலேயே பதில் பெறவும் உரிமை தந்திருக்கிறது. சர்வே எண், வார்டு எண், ரேஷன் கார்டு எண் ஆகியவற்றைத் தலைப்பிலேயே எழுதுங்கள். 'நிலம்', 'புரயிடம்' ஆகிய இரண்டை மட்டும் ரெக்கார்டில் உள்ளபடியே வையுங்கள், தமிழாக்க வேண்டாம். ஒரு நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். சபை மினிட்ஸ் நகல் தர மறுத்தால் 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் தர வேண்டும்.