அண்ணனுக்கு எத்தனை வருஷம் என்று போன் சொல்லுமா?

கேள்வி: அண்ணனுக்கு 63 வயது. ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர். பிப்ரவரியில் திருவனந்தபுரத்தில் கணையத்தின் வால் பகுதியையும் மண்ணீரலையும் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். ‘நியூரோ எண்டோகிரைன் கட்டி, கிரேடு 2’ என்று ரிப்போர்ட். மருமகன் விவரங்களைப் போனில் ஒரு கணக்கில் போட்டு, ஐந்து வருஷம் இருக்க இத்தனை சதவீதம்தான் வாய்ப்பு என்றார். அன்றிலிருந்து மயினி சரியாகச் சாப்பிடுவதில்லை. அண்ணன் எவ்வளவு காலம் இருப்பார், டாக்டர்?
- வாசகி, குலசேகரம்

பதில்: அம்மா, ரிப்போர்ட் நகலை இரண்டு முறை படித்தேன். மருமகன் சொன்ன எண்ணை அச்சிட வேண்டாமென்று நான்தான் ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டேன். வேறொரு வீட்டில் அதைத் தங்கள் ஆளுக்குப் பொருத்திப் பார்த்துவிடுவார்கள்.

கணையப் புற்றுநோய் என்றதும் எல்லோரும் நடுங்குகிற நோய் வேறு, இது வேறு. இது ஹார்மோன் சுரக்கும் செல் வகையில் வருவது, பெரும்பாலும் மெதுவாக வளரும்.

இரண்டாம் பக்கத்தின் அடியில் ‘கேஐ-67: 4 சதவீதம்’ என்று இருக்கிறதே, அதைத்தான் முதலில் தேடினேன். கட்டியின் மெல்லிய சீவலுக்குச் சாயமேற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், பெருகிக்கொண்டிருக்கும் செல்களின் உட்கரு பழுப்பாகத் தெரியும். பழுப்பு அதிகமுள்ள இடமாகப் பார்த்து 500 செல்களாவது எண்ணுவார்கள். அதில் பழுப்பானவை நூற்றுக்கு 3-க்குக் கீழே என்றால் கிரேடு 1, 3 முதல் 20 வரை கிரேடு 2, அதற்கு மேல் கிரேடு 3. 4-க்கும் 19-க்கும் ஒரே பெயர்தான். அண்ணன் கிரேடு 2-இன் வாசற்படியில் நிற்கிறார்.

அப்புறம், வெட்டிய ஓரத்தில் கட்டி இல்லை. எடுத்த 12 நிணநீர்க் கணுக்களிலும் பரவவில்லை. ஸ்கேனில் கல்லீரல் சுத்தம். இதெல்லாம் அண்ணனுக்குச் சாதகமான செய்திகள். மயினியிடம் இதை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.

போனில் கிடைக்கும் கணக்குகளில் பல, அமெரிக்காவின் ‘சீர்’ புற்றுநோய்ப் பதிவேட்டை வைத்துச் செய்தவை. மருமகனின் ஸ்கிரீன்ஷாட்டில் கேஐ-67-ஐக் கேட்கும் கட்டமே இல்லை, கவனித்தீர்களா? வயதைக் கேட்டிருக்கிறது. மாரடைப்பில் போகிறவரையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு, 63 என்று போட்டதுமே எண் இறங்கும். அண்ணனைப் போன்ற நூறு பேரில் எத்தனை பேர் என்றுதான் அது சொல்லும். அந்த நூறில் அண்ணன் யார் என்று அதற்குத் தெரியாது. நோய் திரும்பாமல் இரண்டு வருஷம் கடந்தால் கணக்கே வேறு.

ஆகவே வருஷத்தை என்னால் சொல்ல முடியாது. ஆனால் இந்தக் கட்டி ஏழெட்டு வருஷம் கழித்துக்கூடத் தலைகாட்டலாம். நன்றாக இருக்கிறாரே என்று பரிசோதனையை விட்டுவிடக் கூடாது, பத்து வருஷமாவது போக வேண்டும். கணையத்தின் ஒரு பகுதி போனதால் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இப்போது கவலை மண்ணீரல் பற்றித்தான். கிருமிகளை எதிர்க்க உதவும் உறுப்பு அது. அது இல்லாதவருக்குக் காய்ச்சல் வந்தால் கஷாயம் வைத்துக் காத்திருக்கக் கூடாது, அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். நிமோனியா தடுப்பூசி போட்டார்களா என்று டிஸ்சார்ஜ் சீட்டில் பாருங்கள். நீங்கள் அனுப்பிய நகலில் அந்தப் பக்கம் இல்லை.