மேடே இல்லாத ஊரில் வாட்டர்ஷெட் கோடு எங்கே?

மன்னார்குடிப் பக்கத்து விவசாயி ஒருவர் கேட்கிறார்: "கிராமத்துக்கு வாட்டர்ஷெட் வரைபடம் போடச் சொல்கிறார்கள். ஒரு புத்தகம் அதை மேட்டுக்கோடு என்கிறது, இன்னொன்று நிலப்பரப்பு என்கிறது. எது சரி? எங்கள் ஊரில் மேடே கிடையாதே, கோட்டை எங்கே போடுவது?"

இரண்டும் சரிதான் ஐயா. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் அது நீரைப் பிரிக்கும் கோடு. இந்த 'ஷெட்' மாட்டுக் கொட்டகை இல்லை; பிரித்தல் என்ற பழைய பொருள், தலைக்கு வகிடு எடுப்பதுபோல. குடகு மலைமுகட்டின் ஒரு பக்கம் விழும் மழை அரபிக்கடலுக்குப் போகும், மறுபக்கம் விழுவது காவிரியாக நம்மிடம் வரும். அமெரிக்க வழக்கில் கோட்டுக்குள் அடங்கும் பரப்பு முழுவதுமே வாட்டர்ஷெட். நம் அரசுத் திட்டங்களிலும் அதுதான் பொருள். தமிழில் நீர்வடிப்பகுதி என்கிறோம்.

இனி உங்கள் ஊர். மலையில் ஆறு பள்ளத்தில் ஓடும். டெல்டாவில் ஆறுதான் மேடு! வெள்ளம் கரை மீறும்போது மணலும் வண்டலும் கரையோரமே படிந்துவிடும், மெல்லிய களி மட்டும் தள்ளிப் போய்ப் படியும். அதனால்தான் ஆற்றங்கரையோரப் படுகை நிலம் உயர்ந்தும் நடுவயல் தாழ்ந்தும் கிடக்கிறது. நீடாமங்கலத்தில் வெண்ணாற்றிலிருந்து பாமணியாறும் கோரையாறும் பிரிகின்றன அல்லவா? அவற்றுக்கு இடைப்பட்ட ஊர் என்றால் முதலில் அந்த இரு ஆற்றுக்கரைகளையும் எல்லையாக வைத்துக்கொண்டு, நடுவில் ஓடும் வடிகாலைத் தேடுங்கள். தண்ணீர் வரும் வாய்க்காலைப் பார்த்துக் கோடு போட்டால் கிடைப்பது ஆயக்கட்டு, அதாவது அந்த வாய்க்காலில் பாசனம் பெறும் பரப்பு; அது நீர்வடிப்பகுதி ஆகாது. இந்தத் தவறைப் பல வரைபடங்களில் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

செல்போன் காட்டும் உயரத்தை நம்ப வேண்டாம். இங்கே அரை அடி வித்தியாசம்தான் தண்ணீரின் போக்கைத் தீர்மானிக்கிறது, போன் கணக்கோ மீட்டர் கணக்கில் தவறும். ஐப்பசியில் கனமழை பெய்த மறுநாள் காலை, கிராம வரைபடத்தோடு வரப்பில் இறங்குங்கள். வழியும் இடங்களிலெல்லாம் ஒரு பிடி வைக்கோலைப் போட்டு, அது நகரும் திசையை அம்புக்குறியாகக் குறியுங்கள். இரண்டு அம்புகள் எதிரெதிராக விலகும் இடம்தான் உங்கள் வகிடு. சாலை குறுக்கிட்டால் அதன் அடியில் குழாய் இருக்கிறதா, அடைபட்டிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். குழாய் இல்லாத சாலையும் ஒரு முகடுதான்.