ஒரே நாணயம், 21 கஜானா

அமெரிக்காவின் புதிய சுங்க வரிகள், யூரோவைப் பொது நாணயமாக வைத்திருக்கும் 21 நாடுகளை என்ன செய்யும் என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

அமெரிக்கா வரி போட்டால், ஐரோப்பிய மத்திய வங்கி வட்டியைக் குறைத்து யூரோவின் மதிப்பை இறக்கிவிட்டால் போதாதா? ஏற்றுமதி தானாக மலிவாகிவிடுமே! (வாசகர், மதுரை)

வட்டியைக் குறைக்கத்தான் செய்தார்கள். 4 சதவீதமாக இருந்த வைப்பு வட்டியை (மற்ற வங்கிகள் மத்திய வங்கியில் போட்டுவைக்கும் பணத்துக்கான வட்டி) 2024 ஜூனிலிருந்து எட்டு முறை கால் கால் சதவீதமாக வெட்டி, 2025 ஜூனில் 2 சதவீதத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆனாலும் யூரோ ஏறியது. 2025 தொடக்கத்தில் சுமார் 1.04 டாலராக இருந்தது, ஜூன் இறுதியில் 1.17ஐத் தாண்டியது. அமெரிக்கக் கொள்கையின் மீது நம்பிக்கை தளர்ந்து, முதலீட்டாளர்கள் டாலரைக் குறைத்துக்கொண்டது இதற்கு முக்கியக் காரணம்.

ஒரு லட்சம் யூரோ விலையுள்ள ஜெர்மன் இயந்திரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுத் தொடக்கத்தில் அமெரிக்கருக்கு அது 1,04,000 டாலர். யூரோ ஏறிய பிறகு 1,17,000. அதன் மேல் 15 சதவீத வரியையும் சேர்த்தால் 1,34,550. முன்பிருந்த சிறு வரியைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால் விலை 29 சதவீதம் கூடிவிட்டது. அதில் கிட்டத்தட்ட பாதி நாணய மதிப்பால் வந்தது. தலைப்புச் செய்திகள் வரியை மட்டுமே பேசுகின்றன. தொழிற்சாலைக்காரர்களுக்கு இரண்டும் ஒரே வலிதான்.

பிராங்பர்ட்டில் இருக்கும் அந்த வங்கிக்கு நாணய மதிப்பு இலக்கு கிடையாது. பணவீக்கத்தை 2 சதவீதத்தில் வைத்திருப்பதுதான் அதன் கடமை. ஆனால் வர்த்தகப் போர் பணவீக்கத்தை எந்தப் பக்கம் தள்ளும் என்பதே சிக்கல். ஏற்றுமதி படுத்தால் விலை இறங்கும். அமெரிக்கா வாங்காத சீனச் சரக்கு ஐரோப்பாவுக்குத் திரும்பினாலும் இறங்கும். ஐரோப்பா பதிலடி வரி போட்டாலோ, உதிரிபாகம் வராமல் நின்றாலோ விலை ஏறும்.

ஜெர்மனி தனியாக டிரம்பிடம் பேசித் தன் கார்களுக்கு மட்டும் சலுகை வாங்க முடியாதா? (வாசகர், கோவை)

முடியாது. சுங்க வரி முழுக்க ஐரோப்பிய ஒன்றியத்தின் அதிகாரம், எல்லா உறுப்பு நாடுகளுக்காகவும் பேசுவது அதன் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம். 2025 ஜூலை 27இல் ஸ்காட்லாந்தின் டர்ன்பெரியில் எட்டிய உடன்பாடும் அப்படித்தான் வந்தது. கார் உட்படப் பெரும்பாலான பொருள்களுக்கு, பழைய வரியையும் சேர்த்து, 15 சதவீத உச்சவரம்பு என்று அதில் ஒப்புக்கொண்டார்கள். எஃகுக்கும் அலுமினியத்துக்கும் போட்டிருந்த 50 சதவீத வரி அப்போது நீங்கவில்லை.

பதிலடிப் பட்டியல் போடும்போதுதான் உள்சண்டை வெளியே தெரிகிறது. 2025 மார்ச்சில் அமெரிக்க விஸ்கிக்கு வரி என்று ஆணையம் சொன்னதும், ஐரோப்பிய மதுவகைகளுக்கு 200 சதவீதம் என்று டிரம்ப் மிரட்டினார். பிரான்சும் இத்தாலியும் அயர்லாந்தும் பதறின. ஏப்ரலில் நிறைவேறிய பட்டியலில் அந்த விஸ்கி இல்லை.

பாரிஸில் என் வீட்டுக் கடன் தவணை மாறவே இல்லை. ஃபின்லாந்தில் இருக்கும் தம்பிக்குக் குறைந்திருக்கிறது. வட்டியை முடிவு செய்வது ஒரே வங்கிதானே? (வாசகர், பாரிஸ்)

பிரான்சில் பெரும்பாலான வீட்டுக் கடன்கள் கடைசி வரை நிலையான வட்டியில் போகின்றன. ஃபின்லாந்தில் பெரும்பாலும் யூரிபோர் என்ற சந்தை வட்டியோடு சேர்ந்து ஏறி இறங்கும். 25 ஆண்டுக்கு 2 லட்சம் யூரோ கடன் என்றால், 5 சதவீதத்தில் மாதத் தவணை சுமார் 1,169 யூரோ. 3 சதவீதத்தில் 948. மாதம் சுமார் 221 யூரோ மிச்சம். வங்கி ஒரே முடிவை எடுத்தாலும் ஹெல்சின்கியில் சீக்கிரம் உறைக்கும், பாரிஸில் மெதுவாகத்தான் உறைக்கும்.

அப்படியானால், வரியால் அதிகம் அடிபடும் நாடு என்னதான் செய்யும்? (வாசகர், திருச்சி)

மையமான கேள்வி இதுதான். சொந்த நாணயம் இருந்தால் அதன் மதிப்பை இறக்கி அடியை ஊர் முழுக்கப் பரப்பலாம். யூரோவில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. மிஞ்சுவது சம்பளத்தை வெட்டுவது, இல்லையென்றால் அரசு கடன் வாங்கிச் செலவு செய்வது.

சம்பள வெட்டை கிரீஸ் அனுபவித்துவிட்டது. 2012 பிப்ரவரியில் குறைந்தபட்ச ஊதியத்தை 22 சதவீதம் வெட்டினார்கள். 25 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு 32 சதவீதம். இதில் உள்ள கோளாறு கணக்கிலேயே இருக்கிறது. சம்பளம் குறையும், அதோடு வரி வருவாயும் குறையும். வாங்கிய கடன் மட்டும் அதே யூரோத் தொகையில் நிற்கும். வெட்ட வெட்ட, வருமானத்தோடு ஒப்பிட்டால் கடன் பெரிதாகிக்கொண்டே போகும். கிரீஸின் பொருளாதாரம் ஏறக்குறைய கால் பங்கு சுருங்கியது. அந்த வைத்தியத்தை இன்னொரு நாட்டுக்கு யாரும் பரிந்துரைக்கக் கூடாது.

செலவு செய்யும் வழியில் எல்லோருக்கும் ஒரே அளவு இடமில்லை. ஒரு நாட்டின் ஜிடிபியில் பட்ஜெட் பற்றாக்குறை 3 சதவீதத்தையும், அரசுக் கடன் 60 சதவீதத்தையும் தாண்டக் கூடாது என்பது ஒன்றியத்தின் விதி. ஜெர்மனியின் கடன் 60ஐச் சற்றே தாண்டியது. 2025 மார்ச்சில் அரசியல் சாசனத்தைத் திருத்தி, 12 ஆண்டுகளுக்கு 500 பில்லியன் யூரோ உள்கட்டமைப்பு நிதி ஒதுக்க முடிந்தது. 2024இல் 5.8 சதவீதப் பற்றாக்குறையில் இருந்த பிரான்சுக்கு அந்த வசதி இல்லை.

அமெரிக்காவில் ஒரு மாநிலம் நொடித்தால் மத்திய அரசின் பணம் தானாகப் பாயும். அந்த பட்ஜெட் நாட்டின் ஜிடிபியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். ஐரோப்பிய ஒன்றியத்தின் பட்ஜெட் வெறும் 1 சதவீதம் அளவில் நிற்கிறது. 2020இல் கொரோனாவுக்காக 750 பில்லியன் யூரோ திட்டத்துக்குக் கூட்டாகக் கடன் வாங்கியதுதான் பெரிய விதிவிலக்கு. அதை நிரந்தரமாக்காமல் வட்டியை மட்டும் திருகிக்கொண்டிருப்பதால் அடிபட்ட ஊருக்குப் பணம் போய்ச் சேராது என்பதே என் உறுதியான கருத்து.

கடன் அதிகமுள்ள நாட்டின் அரசுக் கடன் பத்திரங்களைச் சந்தை விற்றுத் தள்ளினால் மத்திய வங்கி வாங்காதா? (வாசகர், சென்னை)

வாங்கலாம். அதற்கென்றே 2022 ஜூலையில் டிபிஐ (TPI) என்ற பத்திரம் வாங்கும் ஏற்பாட்டை அறிவித்தார்கள். ஆனால் நிபந்தனை உண்டு: பற்றாக்குறை விதிகளுக்கு நாடு கட்டுப்பட்டு நடக்க வேண்டும், கடன் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும். விற்பனைக்குக் காரணம் வீண் பீதியாக இருந்தால் வங்கி வரும். அந்த அரசின் சொந்த பட்ஜெட் குளறுபடி என்றால் வராது. பீதியா, குளறுபடியா என்று தீர்ப்புச் சொல்வது வங்கியின் ஆட்சிக் குழு. அமெரிக்க வரியால் அரசின் வருவாய் விழுந்து பற்றாக்குறை ஏறினால் இரண்டும் கலந்தே வரும். பிரான்சும் இத்தாலியும் 2024 ஜூலையிலேயே, பற்றாக்குறை வரம்பைத் தாண்டிய நாடுகள் மீது ஒன்றியம் எடுக்கும் மிகைப் பற்றாக்குறை நடவடிக்கைக்குள் வந்துவிட்டன. குறித்தபடி பற்றாக்குறையைக் குறைத்துவந்தால் உதவிக்கான கதவு திறந்திருக்கும். ஏற்றுமதி விழுந்த ஆண்டில் அப்படிக் குறைப்பதென்றால் அடிபட்ட தொழிலுக்குத் தர வேண்டிய உதவியைத்தான் வெட்ட வேண்டியிருக்கும்.