ஃபெடோராவை மேம்படுத்தியபின் விஎம்முக்கு மட்டும் இணையம் வரவில்லை

கேள்வி: மடிக்கணினியை (லினக்ஸ் வகையான) ஃபெடோரா 40-லிருந்து 41-க்கு மேம்படுத்தினேன். அன்றிலிருந்து வர்ட்-மேனேஜர் என்ற நிரலில் ஓடும் டெபியன் விஎம்மில் (கணினிக்குள் ஓடும் மெய்நிகர் கணினி) இணையம் இல்லை. ஐபி முகவரி கிடைக்கிறது, ஆனால் ஒரு தளமும் திறக்கவில்லை. ஹோஸ்டில், அதாவது மடிக்கணினியில், இணையமும் டாக்கர் கன்டெய்னர்களும் (செயலிகளைத் தனித்தனியாக ஓட்டும் பெட்டிகள்) நன்றாக ஓடுகின்றன. டாக்கரை நிறுத்திப் பார்த்தேன், பலனில்லை. விஎம்மை மறுபடி நிறுவ வேண்டுமா?

பதில்: வேண்டாம். விஎம்முக்குள் எதுவும் கெடவில்லை. டாக்கர்தான் காரணமாக இருக்கும். அதை நிறுத்தியும் சரியாகாததற்குக் காரணம் உண்டு; முதலில் நோயை உறுதி செய்துகொள்வோம்.

விஎம்முக்குள் 192.168.122.1-க்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைச் செய்தி) அனுப்புங்கள். அது ஹோஸ்டின் விர்பிஆர்0 பாலம், விஎம்களை ஹோஸ்டோடு இணைப்பது. பதில் வர வேண்டும். அடுத்து இணையத்தில் உள்ள 8.8.8.8-க்கு அனுப்புங்கள். முதலாவது வந்து இரண்டாவது வராவிட்டால், முகவரியும் பாலமும் சரி, ஹோஸ்டைத் தாண்டும் இடத்தில்தான் பாக்கெட் (தரவுத் துண்டு) சாகிறது என்று பொருள். டிஎன்எஸ் (தளப் பெயரை ஐபி முகவரியாக்கும் சேவை) அமைப்பை மாற்றி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இப்போது ஹோஸ்டில் ரூட் உரிமையோடு ஐபிடேபிள்ஸ் -எல் ஃபார்வர்ட் -வி -என் என்ற கட்டளையை ஆங்கிலத்தில் இயக்குங்கள். எல், ஃபார்வர்ட் இரண்டும் பெரிய எழுத்து. ஹோஸ்டைக் கடந்து செல்லும் பாக்கெட்டுகளுக்கான ஃபயர்வால் விதிகளை இது காட்டும். முதல் வரியில் ‘பாலிசி டிராப்’ (எந்த விதியும் அனுமதிக்காத பாக்கெட்டைக் கைவிடு) என்றும், அதன் பக்கத்தில் பாக்கெட், பைட் எண்ணிக்கையும் இருக்கும். உதாரணமாக 37 பாக்கெட், 3108 பைட். விஎம்மிலிருந்து 8.8.8.8-க்குப் பத்து முறை பிங் அனுப்பிவிட்டு அதே கட்டளையை மறுபடி இயக்குங்கள். 47 பாக்கெட், 3948 பைட் என்று ஏறியிருந்தால் சந்தேகமே வேண்டாம். லினக்ஸில் சாதாரண பிங் ஒன்று ஐபி தலைப்போடு சேர்த்து 84 பைட், பத்துக்கு 840. வேறு போக்குவரத்தும் இருந்தால் சற்றுக் கூடுதலாக ஏறும். உங்கள் பாக்கெட்டுகள் இந்த இடத்தில் ஒவ்வொன்றாகக் கைவிடப்படுவதைக் கண்ணால் பார்க்கிறீர்கள்.

மேம்படுத்தலில் மாறியது என்ன? வர்ட்-மேனேஜருக்குப் பின்னால் விஎம்களை இயக்கும் லிப்வர்ட் தன் நெட்வொர்க்குக்கான ஃபயர்வால் விதிகளை முன்பு ஐபிடேபிள்ஸில் எழுதிவந்தது. ஃபார்வர்ட் சங்கிலி (வரிசையாகப் பார்க்கப்படும் விதிகள்) டிராப் நிலையில் இருந்தாலும், லிப்வர்ட்டின் அனுமதி விதி அதே சங்கிலிக்குள் முன்னதாகவே நின்றதால் பாக்கெட் போய்விடும். ஃபெடோரா 41 முதல் லிப்வர்ட் என்எஃப்டேபிள்ஸில் (ஐபிடேபிள்ஸின் புதிய மாற்று) தனி அட்டவணை வைத்துக்கொள்கிறது. ஒரே சாலையில் இரண்டு சோதனைச் சாவடிகள் போலத்தான் இது: ஒன்றில் ‘போகலாம்’ என்றால் அந்தச் சாவடியை மட்டும் தாண்டலாம், எந்த ஒன்றில் மறுத்தாலும் பயணம் முடிந்தது. லிப்வர்ட் அனுமதிக்கிறது, டாக்கர் வைத்த டிராப் மறுக்கிறது.

டாக்கர் சேவையை நிறுத்தினாலும் அது அமைத்த பாலிசி கெர்னலிலேயே (இயங்குதளத்தின் மையம்) தங்கிவிடும். அதனால்தான் உங்கள் சோதனை தப்பான பதில் தந்தது. இன்னொன்று: ஐபி ஃபார்வர்டிங்கை (ஒரு நெட்வொர்க்கின் பாக்கெட்டை இன்னொன்றுக்குக் கடத்தும் வசதி) தானே இயக்கும்போதுதான் டாக்கர் அந்த டிராப்பை வைக்கிறது. பூட்டின்போது லிப்வர்ட் முந்திக்கொண்டு அதை இயக்கிவிட்டால் டிராப் வராது. ஒருநாள் வேலை செய்து மறுநாள் செய்யாமல் போவது இதனால்தான். ‘ரீபூட் செய்தேன், சரியாகிவிட்டது’ என்று விட்டுவிடாதீர்கள்.

உங்கள் நிலைமைக்கு நான் பரிந்துரைப்பது லிப்வர்ட்டைப் பழைய முறைக்குத் திருப்புவதை. எட்சி அடைவில் உள்ள லிப்வர்ட் அடைவுக்குள் நெட்வொர்க்.கான்ஃப் என்ற கோப்பு இருக்கிறது. அதில் ஃபயர்வால்_பேக்கெண்ட் என்ற வரி, முன்னால் # குறியோடு செயலற்றுக் கிடக்கும். குறியை நீக்கி, மேற்கோளுக்குள் இருக்கும் என்எஃப்டேபிள்ஸை ஐபிடேபிள்ஸ் என்று மாற்றிச் சேமியுங்கள். பிறகு சிஸ்டம்சிடிஎல் கட்டளை மூலம், லிப்வர்ட்டின் நெட்வொர்க்கைக் கவனிக்கும் விர்ட்நெட்வொர்க்டி சேவையை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பழைய விதிகள் நீங்கிப் புதியவை தாமாக ஏறும். ஓடிக்கொண்டிருக்கும் விஎம்மை நிறுத்த வேண்டியதில்லை.

இந்த இடத்தில் பலர் செய்யும் தவறு, வர்ட்-மேனேஜரில் ‘டீஃபால்ட்’ நெட்வொர்க்கை நிறுத்தித் தொடங்குவது. அப்படிச் செய்தால் பாலமே அழிந்து புதிதாக உருவாகும், ஓடும் விஎம்களின் இணைப்பு அதிலிருந்து கழன்று நிற்கும். சரியான திருத்தத்தைச் செய்த பிறகும் ‘வேலை செய்யவில்லையே’ என்று தோன்றும். ஏற்கெனவே அப்படிச் செய்திருந்தால் விஎம்மை முழுதாக அணைத்து மறுபடி இயக்குங்கள்.

என்எஃப்டேபிள்ஸிலேயே இருக்க விரும்பினால், டாக்கர் 28 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பில் டாக்கரின் அமைப்புக் கோப்பான டீமன்.ஜேசனில் ஐபி-ஃபார்வர்ட்-நோ-டிராப் என்பதை ட்ரூ என்று வைத்து ஒருமுறை ரீபூட் செய்யலாம். நம் சொந்த விதிகளுக்கான டாக்கர்-யூசர் சங்கிலியில் விர்பிஆர்0-வுக்கு அனுமதி சேர்க்கும் வழியும் உண்டு. ஆனால் கையால் சேர்த்த விதி அடுத்த பூட்டில் காணாமல் போய்விடும்.

ஃபெடோராவின் ஃபயர்வால் சேவையான ஃபயர்வால்டியை அணைத்துவிடச் சொன்னால் கேட்காதீர்கள். டாக்கரின் டிராப் இருப்பது வேறு அட்டவணையில். அதை இது தொடாது. கணினிதான் பாதுகாப்பின்றி நிற்கும்.

விஎம்முக்கு 192.168.122-இல் தொடங்கும் முகவரியே கிடைக்காமல் 169.254 என்று வந்தால் அது வேறு கோளாறு. அப்போது விர்பிஆர்0 எந்த ஃபயர்வால்டி மண்டலத்தில் (விதித் தொகுப்பில்) இருக்கிறது என்று பாருங்கள். ‘லிப்வர்ட்’ மண்டலத்தில், முகவரி வழங்கும் டிஎச்சிபிக்கான யுடிபி 67-ஆம் போர்ட் திறந்திருக்கும். விர்பிஆர்0 வேறு மண்டலத்துக்குப் போயிருந்தால் ‘லிப்வர்ட்’ மண்டலத்துக்கே கொண்டுவந்து வையுங்கள்.