நாற்பதைத் தாண்டியும் ஆண்கள் ஏன் பழைய நண்பர்களோடு மலையேறக் கிளம்புகிறார்கள்?

சேர்ந்து ஒரு காரியம் செய்வதிலேயே வளரும் நட்பைத் தோளோடு தோள் நட்பு எனலாம். பள்ளி முடித்துப் பிரிந்த பிள்ளைகளை ஆராய்ந்த பிரிட்டிஷ் உளவியலாளர் ராபின் டன்பாரின் குழு கண்டதும் இதுதான்: பெண்களின் நட்பைப் பேச்சு காப்பாற்றியது; பையன்களுக்குச் சேர்ந்து செய்த காரியங்கள்தான் கைகொடுத்தன.

வேலை, கல்யாணம், குழந்தை என்றானதும் முதலில் நின்றுபோவது இப்படிச் சேர்ந்து செய்யும் காரியங்கள்தான். ஓட்டாமல் நிறுத்திய பைக்கின் பேட்டரிபோல நட்பும் மெல்ல இறங்கிவிடும்.

கோவை அருகே வெள்ளியங்கிரி மலை ஏறுபவர்களைப் பாருங்கள். பூண்டி அடிவாரத்தில் மூங்கில் கம்பு வாங்கி, டார்ச் வெளிச்சத்தில் ஏழு மலை ஏறுவார்கள். ஒருவனுக்கு மூச்சு வாங்கினால் இன்னொருவன் தண்ணீர் பாட்டிலை நீட்டுவான். அப்புறம் இருட்டில், முகம் பார்க்காமலே, அப்பாவின் உடம்பு, வீட்டுக் கடன் என்று பேச்சு தானாக வரும்.

பொறுப்பில்லாமல் ஊர் சுற்றுகிறார்கள் என்று நினைப்பது தவறு. பொறுப்பு கூடக் கூடத்தான் இந்தப் பயணம் அதிகம் தேவைப்படுகிறது.