வாட்ஸ்அப் ‘ஓகே’ ஒப்புதல் ஆகுமா? சைல்ட்மைண்டர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

இங்கிலாந்தில் ஆஃப்ஸ்டெட் (கல்வியையும் குழந்தைப் பராமரிப்பையும் மேற்பார்க்கும் அரசு அமைப்பு) பதிவோடு, வீட்டிலேயே பிறர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் சைல்ட்மைண்டர்களான வாசகிகள் அனுப்பிய கேள்விகள் இவை. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் விதிமுறைகள் வேறு.

பிள்ளையைச் சேர்க்கும் அன்றே ‘எல்லாவற்றுக்கும் சம்மதம்’ என்று ஒரே தாளில் கையெழுத்து வாங்கிவிடுகிறேன். போதுமா?

போதாது. எதற்குச் சம்மதம் என்று சொல்லாத கையெழுத்து, சிக்கல் வரும் நாளில் உதவாது. பக்கத்துப் பூங்கா, நூலகம், காரில் ஏற்றுவது, சன் கிரீம், படம் எடுப்பது போன்றவற்றுக்குச் சேரும்போதே ஒருமுறை வாங்கலாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனி வரி, தனி ‘ஆம் / இல்லை’ இருக்கட்டும். ‘ஆம்’ கட்டத்தில் நீங்களே டிக் போட்டு நீட்டாதீர்கள். மருந்துக்கும் வெளியூர்ப் பயணத்துக்கும் அந்தந்த நேரத்தில் தனியாக வாங்குங்கள்.

பிள்ளையின் முழுப்பெயர், பிறந்த தேதி, பெற்றோரின் முகவரி, பிள்ளை யாரோடு வசிக்கிறது, பெற்றோர் பொறுப்புரிமை (பிள்ளைக்காக முடிவெடுக்கும் சட்டப்படியான உரிமையும் கடமையும்) யாருக்கு, அவசர எண்கள்: இவை இ.ஒய்.எஃப்.எஸ். (சிறு பிள்ளைகளைப் பராமரிப்போருக்கான அரசின் விதித்தொகுப்பு) கட்டாயமாகக் கேட்கும் விவரங்கள். இவற்றை ஒப்புதல் படிவத்தில் கலக்காமல் தனித் தாளில் வையுங்கள்.

அவசர சிகிச்சைக்குச் சம்மதம் என்று பெற்றோர் கையெழுத்திடும் தாளைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. அறுவை சிகிச்சைக்குச் சம்மதம் சொல்லும் உரிமையை அது உங்களுக்குத் தராது. 999 அழைப்பதும், கூடப் போவதும், ஒவ்வாமை விவரத்தை மருத்துவரிடம் சொல்வதும்தான் உங்கள் வேலை.

காலையில் கால்பால் (பிள்ளைகளுக்கான பாரசிட்டமால் மருந்து) பாட்டிலைக் கையில் கொடுத்து, ‘காய்ச்சல் வந்தா குடுங்க’ என்று அம்மா ஓடிவிடுகிறார். பிறகு கேட்டால் வாட்ஸ்அப்பில் ‘ஓகே’ என்று மட்டும் வருகிறது. கொடுக்கலாமா?

அந்த ‘ஓகே’யை நம்பிக் கொடுக்காதீர்கள். எந்த மருந்தானாலும், அந்தக் குறிப்பிட்ட மருந்துக்குப் பெற்றோரின் எழுத்துபூர்வமான அனுமதி முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். வாட்ஸ்அப் செய்தியும் எழுத்துதான். ஆனால் அந்த ஒற்றைச் சொல்லில் மருந்தின் பெயர் இல்லை, அளவு இல்லை, காரணமும் இல்லை. இப்படி ஒரு செய்தியை அம்மாவையே தட்டச்சு செய்து அனுப்பச் சொல்லுங்கள்: ‘பிள்ளையின் பெயர், கால்பால் இன்ஃபன்ட் 120 மி.கி./5 மி.லி., 5 மி.லி., 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல் இருந்தால், கடைசியாகக் கொடுத்தது காலை 6.30.’ மாலையில் பிள்ளையை அழைக்க வரும்போது தாளிலும் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

அந்தக் கடைசித் தகவலில்தான் ஆபத்தே இருக்கிறது. வீட்டில் 6.30க்குக் கொடுத்தது தெரியாமல் நீங்கள் 9 மணிக்குக் கொடுத்தால் இடைவெளி இரண்டரை மணி நேரம்தான். பாரசிட்டமாலுக்குக் குறைந்தது 4 மணி நேரம் விட வேண்டும், 24 மணி நேரத்தில் 4 முறைக்கு மேல் கூடாது. அப்படியானால் 10.30க்கு முன் கொடுக்க முடியாது. முன்கூட்டி வாங்கிய தாள் இருந்தாலும், ஒவ்வொரு முறையும் போன் போட்டு ‘கடைசியா எப்போ?’ என்று கேட்டுவிட்டே மூடியைத் திறங்கள்.

பாட்டிலையும் திருப்பிப் பாருங்கள். அண்ணனுக்கு வாங்கிய கால்பால் சிக்ஸ் பிளஸ் (ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது) பாட்டிலில் 5 மி.லி.க்கு 250 மி.கி. இருக்கும், இன்ஃபன்ட்டைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். படிவத்தில் ‘கால்பால் 5 மி.லி.’ என்று மட்டும் எழுதினால் இந்த வித்தியாசம் தெரியாமலே போய்விடும்.

கொடுத்த நேரம், அளவு, கொடுத்தவர் பெயர் ஆகியவற்றை அப்போதே எழுதுங்கள். அன்றே பெற்றோருக்கும் சொல்லிவிடுங்கள். ஆஸ்பிரின் உள்ள எதையும் மருத்துவர் எழுதிக்கொடுக்காமல் தரவே கூடாது.

அம்மம்மா ஒரு குட்டி போத்தலில் ஓமத்தண்ணீர் கொடுத்துவிடுகிறார். மறுத்தால் கோபிக்கிறார்.

கோபித்தாலும் மறுக்கத்தான் வேண்டும். லேபிள் இல்லை, என்ன கலந்தது என்று தெரியாது, வயதுக்கேற்ற அளவும் இல்லை. இதை எந்தப் படிவத்திலும் சரியாக எழுத முடியாது. அதோடு, காலையில் பிள்ளையைக் கொண்டுவந்து விடுவது அம்மம்மாவாக இருந்தாலும், மருந்துத் தாளில் அவர் கையெழுத்து பெற்றோரின் கையெழுத்து ஆகாது. ‘வீட்டுல வச்சே குடுங்க அம்மா, இங்க சட்டம் விடாது’ என்று சொன்னால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள்.

பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். ‘அப்பாவிடம் பிள்ளையை விடாதீர்கள்’ என்று அம்மா எழுதித் தந்திருக்கிறார். அந்தத் தாளை நம்பலாமா?

அந்தத் தாளை மட்டும் நம்ப முடியாது. தாய்க்குப் பெற்றோர் பொறுப்புரிமை தானாகவே உண்டு. தாயைத் திருமணம் செய்த தந்தைக்கும் உண்டு. 2003 டிசம்பர் 1 முதல் இங்கிலாந்திலோ வேல்ஸிலோ பதிவான பிறப்புச் சான்றிதழில் பெயர் இருந்தால், திருமணம் ஆகாத தந்தைக்கும் உண்டு. நீதிமன்ற உத்தரவு இல்லாதபோது ஒருவர் எழுதிய கடிதம் மற்றவரின் உரிமையைப் பறிக்காது. ஆகவே உத்தரவு ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் நகலைக் கோப்பில் வையுங்கள். இல்லையென்றால், ‘தடுக்க எனக்கு அதிகாரமில்லை, அவர் வந்தால் உடனே உங்களைக் கூப்பிடுவேன்’ என்று அம்மாவிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். வாசலில் மிரட்டல் வந்தால் கதவைச் சாத்திவிட்டு 999.

சித்தி, மாமா, பக்கத்து வீட்டு அக்கா யாராக இருந்தாலும், பெற்றோர் முன்கூட்டிச் சொன்னவரிடம் மட்டுமே பிள்ளையை விடலாம். ஒரு கடவுச்சொல் வைத்துக்கொள்வது நல்லது.

படங்களை வாட்ஸ்அப் குழுவில் போட ஒரே ஒப்புதல் போதுமா?

தனித்தனியாகக் கேளுங்கள்: பிள்ளையின் கற்றல் பதிவேட்டுக்கு, மற்றப் பெற்றோருக்குப் போகும் குழுப் படத்துக்கு, சுவரில் ஒட்டுவதற்கு, ஃபேஸ்புக் விளம்பரத்துக்கு. முதலாவதுக்கு ‘ஆம்’ சொல்லும் பலர் கடைசிக்கு ‘இல்லை’ என்பார்கள். எப்போது வேண்டுமானாலும் ஒப்புதலைத் திரும்பப் பெறலாம் என்ற வரியும் படிவத்தில் இருக்க வேண்டும். போன் கேலரியும் கிளவுட் சேமிப்பும் தானாக நகல் எடுத்துக்கொண்டே இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். போனிலோ கணினியிலோ பிள்ளைகளின் விவரங்களை வைத்திருப்பவர் ஐ.சி.ஓ.வில் (தனிப்பட்ட தகவல் பாதுகாப்பை மேற்பார்க்கும் அமைப்பு) பதிய வேண்டும். 2025 பிப்ரவரியிலிருந்து சிறு தொழிலுக்கு ஆண்டுக்கு 52 பவுண்ட், டைரக்ட் டெபிட் என்றால் 47.

படிவங்களை எப்போது புதுப்பிப்பது?

ஆண்டுக்கு ஒருமுறை, செப்டம்பர் வசதி. போன் எண், ஒவ்வாமை, அழைத்துப்போகும் ஆள் மாறினால் அன்றே. பழைய தாளில் அடித்துத் திருத்தாமல் புதிய தாள் எழுதித் தேதி போட்டு, பழையதைப் பின்னால் வையுங்கள். பிள்ளை விலகிய பிறகு விபத்து, மருந்துப் பதிவுகளை எவ்வளவு காலம் வைக்க வேண்டும் என்று உங்கள் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு, அந்தப் பதிலையும் அதே கோப்பில் போட்டுவிடுங்கள்.