டாட்ரி: ஒரு ராணியோட பேரு

கடிதம்: வணக்கம் சார். பழைய இங்கிலீஷ் சிறுகதை ஒண்ண தமிழ்ல பண்ணிட்டிருக்கேன். அதுல ஒரு வாடகை ரூம்ல தொங்குற திரைச்சீலைய 'டாட்ரி' (tawdry)ன்னு சொல்லியிருக்கு. டிக்‌ஷனரில 'பகட்டான'ன்னு போட்டிருக்கான், எனக்கு ஒட்டல. இந்த வார்த்தை எங்கேர்ந்து வந்துச்சு?

பதில்: வணக்கம்மா. ஒட்டலன்னு தோணுனது சரிதான். பகட்டுல காசு இருக்கு, பெரிய வீட்டுக் கல்யாணம் பகட்டு. டாட்ரில காசு கிடையாது, காசு இருக்கற மாதிரி காட்டிக்கற மினுக்கு மட்டும்தான், கூடவே அத பாக்கறவங்களோட இளக்காரமும். இப்பல்லாம் துணிமணிக்கு மட்டும் இல்ல, அசிங்கமான அரசியல் பேரம், கள்ள உறவுன்னு எழுதும்போதும் இந்த வார்த்தைய போடுறாங்க.

ஆனா இதுக்குள்ள ஒரு பொண்ணோட பேரு ஒளிஞ்சிருக்கு. ஏழாம் நூற்றாண்டுல கிழக்கு இங்கிலாந்துல ஒரு ராஜாவோட மக, எத்தல்த்ரித், அந்தப் பேரு ஜனங்க வாயில தேஞ்சு தேஞ்சு ஆட்ரி ஆயிடுச்சு. ரெண்டு தடவ கல்யாணம் பண்ணி வெச்சாங்க, ரெண்டாவது புருஷன் நார்தம்ப்ரியா ராஜா, அவன விட்டுட்டு துறவியா போயி 673ல ஈலிங்கற ஊர்ல மடம் கட்டுனாங்க. அப்ப அது சதுப்புக்கு நடுவுல ஒரு தீவு. 679ல கழுத்துல கட்டி வந்து இறந்துட்டாங்க. பீட்ங்கற துறவி 731ல எழுதி முடிச்ச வரலாற்றுல இது வருது: சின்ன வயசுல இந்தக் கழுத்துல வேண்டாத நகையெல்லாம் சுமந்தேன், அந்தப் பாவத்துக்குத்தான் கடவுள் இந்த வலிய குடுத்திருக்கார்னு சொல்லி அத ஏத்துக்கிட்டாங்களாம்.

பின்னாடி புனிதர் ஆனாங்க. அக்டோபர் 17 அவங்க திருநாள், அந்தக் காலத்துல அன்னிக்கு ஈலில சந்தை கூடும், அங்க கழுத்துல கட்டிக்கற பட்டு லேஸ் விப்பாங்க, செயின்ட் ஆட்ரி லேஸ். லேஸ்னா இங்க பூவேலை பின்னல் இல்ல, கயிறு மாதிரி நாடா, ஷூ லேஸ்ல அந்த அர்த்தம் இன்னும் இருக்கு. செயின்ட் ஆட்ரின்னு வேகமா சொல்லிப் பாருங்க, ட்-டும் ஆ-வும் சேர்ந்து 'டா' ஆயிடும். 'உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே'ன்னு நன்னூல் சொல்றது அப்படியே இங்க நடக்குது, அப்புறம் முன்னாடி இருந்த 'செயின்' உதிர்ந்து டாட்ரி மட்டும் நின்னுடுச்சு.

முதல்ல இதுல இளக்காரமே கிடையாதும்மா. ஷேக்ஸ்பியரோட வின்டர்ஸ் டேல் நாடகத்துல ஒரு கிராமத்துப் பொண்ணு, எனக்கு டாட்ரி லேஸ் வாங்கித் தரேன்னு சொன்னியேன்னு கேக்கறா, எவ்வளவு ஆசையா கேக்கறா. பதினேழாம் நூற்றாண்டு முடியறதுக்குள்ள அதே வார்த்தை மட்டமான மினுக்குன்னு ஆயிடுச்சு. சந்தைல வித்த மலிவு சரக்கும் ஒரு காரணம், ஆனா அத ஆசைப்பட்டு வாங்கிக் கட்டிக்கிட்ட ஏழைப் பொண்ணுங்கள மேல இருந்து பாத்த கண்ணும் இதுல இருக்குன்னுதான் நான் நினைக்கறேன். நகை போட்டதுக்காக வருத்தப்பட்டு செத்த ஒருத்தியோட பேர கொண்டுபோயி மட்டமான அலங்காரத்துக்கு வெச்சுட்டாங்களேன்னு ஒவ்வொரு தடவையும் மனசு கஷ்டமா இருக்கு.

உங்க வரிக்கு 'மலிவா மினுக்குற திரைச்சீலை'ன்னு போட்டுப் பாருங்க. ஜிகினான்னு போடலாம், ஆனா அதுல திருவிழா சந்தோஷம் வந்துடும், இளக்காரம் போயிடும். அந்தத் திரைய மாட்டுனது கதைல யாருன்னும் எழுதுங்க. அத இளக்காரமா பாக்கறது கதை சொல்றவரா இல்ல அந்த ரூமுக்கு வர்ற ஆளான்னு தெரிஞ்சா இன்னும் சரியா ஒரு சொல் பிடிக்கலாம்.